இறங்கத் தெரிந்த பொறி

தமிழில் 'பொறி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. இயந்திரமும் பொறி, எலி பிடிக்க வைக்கும் கூண்டும் பொறி, நெருப்பினின்று தெறிக்கும் துகளும் பொறி, கண், காது முதலாய ஐந்தும் பொறிகள். அரபு மொழியில் 'ஹீலா' என்னும் சொல்லும் இத்தகையதே. தந்திரம், உபாயம் என்பன அதன் நேர்ப்பொருள். சட்டத்தின் கட்டுக்குள் நின்றுகொண்டே அதன் நோக்கத்தைக் கடந்து செல்ல மனிதர் தேடும் குறுக்கு வழியை ஃபிக்ஹு நூலார் ஹீலா என்பர். அதன் பன்மையாகிய 'ஹியல்' என்பதே இயந்திரக் கலைக்கும் பெயராயிற்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள், ஏறத்தாழ நூறு கருவிகளின் அமைப்பை விளக்கித் தாம் எழுதிய நூலுக்குக் 'கிதாபுல் ஹியல்' என்றே பெயர் வைத்தனர். தமிழும் அரபும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு இச்சொற்களை ஆக்கவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. கருவி என்பது அறிவினின்று தெறித்த தீப்பொறியாகவும் இருக்கலாம். மனிதன் தானே வைத்துத் தானே அகப்பட்டுக்கொள்ளும் கண்ணியாகவும் இருக்கலாம்.

இச்சொல்லாராய்ச்சியை ஈண்டு எடுத்ததற்குக் காரணம் உண்டு. இராஜாக்கமங்கலத்தில் நாம் அரபும் தமிழும் சொல்லிக் கொடுத்து வருகிறோம். சில காலமாக நம் மாணவர்களின் ஸர்ஃபுக் குறிப்பேடுகளைத் திருப்பினால், பின்பக்கத்தில் ஒரு படம் தவறாமல் காணப்படுகிறது. கூரிய மூக்கு, பின்புறம் பெருக்கல் குறிபோல் விரிந்த நான்கு சிறகுகள், சிறகு ஒவ்வொன்றின் நுனியிலும் நீண்ட குழல். இது 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிப் போர்க் கதையில் வரும் 'எக்ஸ்-விங்' என்னும் போர்க்கலம் என்பதைப் பிள்ளைகளே நமக்குச் சொன்னார்கள். அதன் நீளம், வேகம், ஆயுதம், இயந்திரம் யாவும் அவர்களுக்கு மனப்பாடம். ஃபிஅல்களின் வாய்பாட்டைச் சொல்லத் தடுமாறும் பிள்ளை, இக்கலத்தின் உறுப்புகளைத் தடையின்றி ஒப்பிக்கிறான்.

பெரியவர்கள் சிலர் இதைக் கண்டு வருந்துகிறார்கள். "ஓதுகிற பிள்ளைக்கு இந்த வீண் வேலை எதற்கு? இல்லாத கப்பலின் நீள அகலத்தை அறிந்து என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியைப் பழமை என்று எளிதில் தள்ளிவிட இயலாது. வீண் பேச்சினின்று விலகி நிற்பது நம்பிக்கையாளரின் பண்பு என்று போதிக்கப்பட்டவர்கள் நாம். ஆகவே, இல்லாத ஒரு பொறியைப் பற்றிய அறிவு வீணா, அதில் கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா என்பதை நூல்களைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்பது முறை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுதல் நலம். சுலைமான் நபி அவர்களுக்குக் காற்று வசப்படுத்தப்பட்டதும், மிஃராஜ் இரவின் புராக்கும் நம்பிக்கையைச் சார்ந்த செய்திகள். அவற்றை மனிதக் கற்பனையில் பிறந்த பொறிகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவதற்கில்லை. ஈண்டு நாம் பேசுவது, புலவனும் கதைசொல்லியும் தம் மனத்தில் கட்டிய கலங்களைப் பற்றியே.

பிள்ளைகள் வரையும் கலம்

முதலில் அந்த எக்ஸ்-விங்கையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ஸ்டார் வார்ஸ் முதற்படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதிலே வரும் கலங்களின் முதல் மாதிரிகளைச் செய்தவர் கோலின் கேன்ட்வெல் என்பவர். கதையின்படி, கொடுங்கோற் பேரரசு ஒன்றை எதிர்த்துக் கிளர்ந்தவர்களின் போர்க்கலம் இது. நீளம் 12 அல்லது 13 மீட்டர். ஓட்டுபவர் ஒருவரே. பின்னால் இயந்திரங்கள் நான்கு. சிறகு நுனிகளில் ஒளிக்கதிர்ப் பீரங்கிகள் நான்கு. சாதாரணமாகச் செல்லும்போது சிறகுகள் மடிந்து இரண்டாகத் தோன்றும். போர் மூண்டதும் பிரிந்து நான்காகும். எதிரியின் கதிர்கள் தாக்காதபடி கலத்தைச் சுற்றிக் கண்ணுக்குப் புலனாகாத கேடயம் உண்டு. விண்மீனுக்கு விண்மீன் தாவிச் செல்லும் விரைவியந்திரமும் உண்டு. ஓட்டுபவருக்குப் பின்னே ஒரு குழியில் சிறிய இயந்திர மனிதன் அமர்ந்திருப்பான். வழிக்கணக்கைப் பார்ப்பதும், பறக்கும்போதே பழுது நீக்குவதும் அவன் பணி.

பௌதிகம் கற்றவர் இதைக் கேட்டு நகைப்பர். காற்றில்லாத வெளியில் சிறகு எதற்கு? சிறகு தாங்குவது காற்றின்மீது அன்றோ? பறவையைப்போல் சாய்ந்து வட்டமிட்டுத் திரும்புவதும் அவ்வெளியில் நடவாது. திரும்ப வேண்டுமாயின் பக்கவாட்டில் சிறு இயந்திரங்களை இயக்கித் தள்ளவேண்டும். காற்றில்லா இடத்தில் குண்டு வெடிக்கும் ஓசையும் கேளாது. இந்தக் குற்றங்களுக்குக் காரணம் மறைவானதன்று. இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படங்களை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டே லூகாஸ் தம் விண்போர்க் காட்சிகளை அமைத்தார். ஆகவே, அவர் கண்டது விண்வெளி அன்று. மேகத்திடையே நடந்த பழைய போரையே அவர் விண்மீன்களிடையே கொண்டுபோய் வைத்தார்.

நிற்க. பௌதிகக் குற்றம் வேறு, கற்பனையின் மதிப்பு வேறு. இந்த மதிப்பை அறியவேண்டுமாயின் நம் வீட்டுப் பொறியை முதலில் பார்க்கவேண்டும்.

தச்சன் ஏழு நாளில் செய்த மயில்

இடலாக்குடி தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) போன்ற நம் முன்னோர் தமிழை முழுமையாகக் கற்றவர்கள். நூல் எச்சமயத்தாருடையது என்று பார்த்து ஒதுக்கியவர்கள் அல்லர். அவ்வழியில் சமணப் புலவர் திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியைத் திறப்போம். ஆயிரம் ஆண்டுப் பழமை உடையதாகக் கருதப்படும் இக்காப்பியத்தை உ. வே. சாமிநாத ஐயர் 1887ஆம் ஆண்டு பதிப்பித்தார்.

அதன் தொடக்கமே ஒரு வானூர்தியின் கதை. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தன் தேவி விசயையின்மீது கொண்ட காதலால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிடுகிறான். தேவி தீக்கனாக் காண்கிறாள். வரப்போகும் கேட்டை உணர்ந்த மன்னன், கருவுற்றிருக்கும் அவளைக் காப்பதற்காகத் தச்சன் ஒருவனைக் கொண்டு மயில்வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்விக்கிறான்.

இவ்விடத்தில் புலவர் காட்டும் நுட்பம் வியக்கத்தக்கது. 'மாயத்தால் ஆயிற்று' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்று பொருள்களை எண்ணிச் சொல்கிறார். செய்ய ஆன காலம் ஏழு நாள் என்கிறார். அதை இயக்கும் முறையையும் சொல்கிறார். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேகத்தைப் பிளந்து மேலே எழும்; இடப்புறம் திருகினால் கீழே இறங்கிக் காலை மடக்கி அமரும். அதை ஓட்டுபவள் விசயையே. மன்னன் அவளுக்கு முன்கூட்டியே பயிற்சியும் அளித்துவிடுகிறான். தனியொரு பெண் வானூர்தி ஓட்டக் கற்றுக்கொண்டதாகக் கதை சொன்ன அப்புலவரின் துணிவை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பொருள்களைப் பாருங்கள். துணியும் மெழுகும் அரக்கும் எடை குறைந்தவை. மரத்தாலோ இரும்பாலோ மயிலைச் செய்ததாக அவர் பாடவில்லை. பறக்கவேண்டிய பொருள் இலேசாக இருக்கவேண்டும் என்னும் தச்சறிவு பாட்டுக்குள் புகுந்திருக்கிறது. எழும்புதற்கு ஒரு திருகும் இறங்குதற்கு ஒரு திருகும் வைத்ததோடு நில்லாமல், இறங்கும்போது மயிலின் கால்கள் என்ன செய்யும் என்பது வரை அவர் கருதியிருக்கிறார்.

கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது விசயை மயிலில் ஏறிச் செல்கிறாள்; மன்னன் போர்க்களம் சென்று மடிகிறான். பகைவனின் வெற்றி முரசு வானில் அவள் செவிக்கு எட்டுகிறது. கேட்டதும் மயங்கிச் சாய்கிறாள். மயிலோ நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் சென்று இறங்குகிறது. ஓட்டியவள் உணர்விழந்த நிலையிலும் பொறி அவளை நொறுக்கிவிடவில்லை. உயிரோடு தரையில் சேர்த்தது. அந்தச் சுடுகாட்டில்தான் காப்பியத் தலைவன் சீவகன் பிறக்கிறான். போர்க்களத்தின் நடுவே பறந்த அம்மயிலுக்கு ஆயுதம் ஒன்றேனும் இருந்ததாகப் புலவர் சொல்லவில்லை. ஒரு தாயையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் காப்பதற்கென்றே செய்யப்பட்ட கலம் அது.

கருங்காலிக் குதிரை

இதனை ஒத்த கலம் ஒன்று அரபு இலக்கியத்திலும் உண்டு. 'அல்ஃப் லைலா வ லைலா' என்னும் ஆயிரத்தோர் இரவுக் கதைகளில் வரும் கருங்காலிக் குதிரையே அது. பாரசீக மன்னன் ஒருவனிடம் மூன்று ஞானிகள் மூன்று அதிசயப் பொருள்களைக் கொண்டு வருகின்றனர். அவற்றில் ஒன்று நேரம் அறிவிக்கும் பொன்மயில். மற்றொன்று பகைவர் வருகையை ஒலித்து உணர்த்தும் எக்காளம். மூன்றாவது, ஆளை ஏற்றிக்கொண்டு வானில் பறக்கும் குதிரை. அக்குதிரையின் வலத்தோளில் ஒரு முளையும் இடத்தோளில் ஒரு முளையும் உண்டு. வலமுளையைத் திருகினால் ஏறும். இடமுளையைத் திருகினால் இறங்கும்.

திருத்தக்கதேவரின் மயிலுக்கும் இதே அமைப்பே என்பதை வாசக அன்பர்கள் கவனித்திருப்பார்கள். வலம் ஏற்றம், இடம் இறக்கம். இந்த ஒற்றுமையைக் கொண்டு யார் யாரிடம் கடன் வாங்கினர் என்று வழக்காடுவதில் நமக்கு விருப்பமில்லை. இரு நாட்டுத் தச்சரும் திருகாணியையும் பூட்டையும் அறிந்தவர்கள். கையில் பழகிய பொருளைக் கொண்டுதான் மனம் புதிய பொருளைச் செய்கிறது.

இரண்டு கதைகளும் வேறுபடும் இடமே நமக்குப் பாடம். குதிரையைக் கொண்டுவந்த ஞானியின்மீது இளவரசனுக்கு வெறுப்பு. தானே ஏறிச் சோதிப்பதாகச் சொல்லி, எழும்பும் முளையை மட்டும் கேட்டறிந்து பறந்துவிடுகிறான். மகன் எங்கே என்று மன்னன் வினவ, இறங்கும் வகையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்ல மறந்தேன் என்கிறான் ஞானி. இளவரசனோ வானில் மேன்மேலும் ஏறிக்கொண்டே போகிறான். நிலம் கண்ணுக்கு மறைகிறது. அச்சம் பிடித்த பிறகே குதிரையின் உடலெங்கும் தடவி, இடத்தோள் முளையைக் கண்டு திருகி, உயிர் பிழைக்கிறான். கதையின் இறுதியில், இந்தப் பொறியால் மகனை இழக்க நேர்ந்ததை எண்ணிய மன்னன் அதை உடைத்து அழித்துவிடுகிறான்.

ஆக, தமிழ் மன்னன் பறக்கும் முன்பே இறங்கவும் கற்பித்தான். பாரசீக இளவரசன் இறங்குவதை அறியாமல் ஏறினான். ஒரு பொறி காப்பாற்றிற்று, மற்றது உடைபட்டது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இதுவே நிலை. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். கவிஞர், கண்ணாடி செய்யும் கலையும் வானியலும் அறிந்தவர், 887ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் உடலில் இறகுகளைப் போர்த்து, சிறகுகளைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்துச் சிறிது தொலைவு காற்றில் சென்றார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதிவைத்துள்ளார். காரணத்தையும் அவரே கூறுகிறார். பறவை இறங்குவது வாலைக் கொண்டு. இப்னு ஃபிர்னாஸ் வாலைச் செய்ய மறந்துவிட்டார். சிறகைக் கண்ட கண் வாலைக் காணவில்லை. இன்று சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

செய்தவன் மனம்

இனி, பிள்ளைகளின் போர்க்கலத்துக்கு மீளுவோம். அதே கதையில் பேரரசின் தரப்புக்கும் ஒரு போர்க்கலம் உண்டு. அதற்கு 'டை' என்று பெயர். நடுவில் உருண்டை அறை. இருபுறமும் தட்டையான அறுகோணப் பலகைகள். விரைவிலும் வளைந்து திரும்புவதிலும் இது சளைத்ததன்று. ஆனால் இதற்குக் கேடயம் இல்லை. விண்மீன் தாவும் இயந்திரமும் இல்லை. தாய்க்கப்பலை விட்டு நெடுந்தொலைவு சென்றால் தானாக வீடு திரும்ப இயலாது. அறைக்குள் மூச்சுக்காற்றுக்கான ஏற்பாடும் இல்லை. ஓட்டுபவர் தம் உடைக்குள் சுமந்து வந்த காற்றையே நம்பி இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்து அனுப்புவதே பேரரசின் முறை. கலம் போனால் வேறொரு கலம்; ஆள் போனால் வேறோர் ஆள்.

எக்ஸ்-விங்கைச் செய்தவர்களுக்குக் கலங்கள் குறைவு, ஆட்கள் குறைவு. ஆகவே ஓட்டுபவருக்குக் கேடயம் வைத்தார்கள். வீடு திரும்ப இயந்திரம் வைத்தார்கள். வழித்துணைக்கு ஒருவனைப் பின்னே அமர்த்தினார்கள். கதையாசிரியர் தம் கட்சி எது என்று வாயால் சொல்லாமலே, இரண்டு பொறிகளின் அமைப்பைக் கொண்டு சொல்லிவிட்டார். ஒரு பொறியில் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்தால், அதைச் செய்தவன் மனித உயிருக்கு என்ன விலை வைத்தான் என்பது விளங்கும்.

அவ்வளவு ஏற்பாட்டோடு சென்றவர்களும் எல்லோரும் திரும்பவில்லை. 1977ஆம் ஆண்டுப் படத்தின் இறுதிப் போரில் கிளர்ச்சியாளரின் கலங்கள் முப்பது புறப்படுகின்றன. விரல்விட்டு எண்ணத்தக்கனவே மீள்கின்றன. அவர்கள் எதிர்த்தது ஒரு கோளையே தூளாக்கவல்ல பெரும்பொறியை. அதன் அழிவுக்கு வாயிலாக இருந்தது இரண்டே மீட்டர் அகலமுள்ள ஒரு புகைப்போக்கி. 2016ஆம் ஆண்டில் வந்த மற்றொரு படம் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. கட்டாயத்தின்பேரில் அப்பெரும்பொறியை வடிவமைத்தவர், மனச்சாட்சி உறுத்தியதால் அதன் உள்ளே வேண்டுமென்றே ஒரு பலவீனத்தை மறைத்து வைத்தாராம். 'ஹீலா' என்னும் சொல்லின் இருபொருளும் இங்கே ஒன்றாகி நிற்பதைக் காண்க. பொறியும் அதுவே, பொறிக்குள் வைத்த தந்திரமும் அதுவே.

நம் மாணவன் ஒருவன் வரைந்த படத்தை இவ்விடத்தில் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. அவன் தகப்பனார் வளைகுடா நாடொன்றில் பல்லாண்டுகளாக வேலை பார்க்கிறார். அவன் வரைந்த எக்ஸ்-விங்கில் இயந்திர மனிதன் அமரும் குழியை அழித்துவிட்டு, அங்கே மெத்தையிட்ட இருக்கை ஒன்று போட்டிருந்தான். "இந்தக் கலத்தில் ஒருவருக்குத்தானே இடம்?" என்று கேட்டோம். "ஆளைக் கூட்டிக்கிட்டு வரணும்லா, உஸ்தாத்" என்றான். கதை எழுதியவர் ஒற்றை ஆளுக்குச் செய்த போர்க்கலத்தை, அப்பிள்ளை அழைத்து வரும் கலமாக மாற்றிவிட்டான். திருத்தக்கதேவரைப் படியாமலே அவருடைய மயிலின் பக்கம் சேர்ந்துவிட்டான். இதை வீண் வேலை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மலையடிவாரத்தில் எரியும் இயந்திரம்

கற்பனையில் பிறந்தவை கற்பனையோடே நின்றுவிடவில்லை என்பதற்கு நம் மாவட்டத்தைச் சுற்றியே சான்று உண்டு. மாவட்ட எல்லைக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ஏவூர்திகளின் திரவ எரிபொருள் இயந்திரங்களும், மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் இயந்திரங்களும் அங்கே தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கப்படுகின்றன. பறக்கும் முன் தரையில் நின்று எரிவதே அவற்றுக்குப் பாடசாலை. அந்நிறுவனத்துக்கு 2018 முதல் 2022 வரை தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்தவர். 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். இரண்டும் நம் மாவட்டத்துச் சிற்றூர்களே.

அங்கும் இறக்கமே பெருஞ்சோதனையாக இருந்தது. 2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் இறங்குகலம் சந்திரனை அடையும் தறுவாயில் வேகம் தணியாமல் தரையில் மோதிற்று. இலட்சக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைக் கடந்த கலம் கடைசிச் சில கிலோமீட்டரில் தோற்றது. அடுத்த கலத்துக்கு என்ன செய்தார்கள்? கால்களை வலுப்படுத்தினார்கள், இறங்கத்தக்க இடப்பரப்பை விரிவாக்கினார்கள், ஒன்று தவறினால் மற்றொன்று என மாற்று வழிகளை அமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 தன் நான்கு கால்களில் மெல்ல நின்றது. அதற்குச் சிறகில்லை, காற்றில்லா வெளிக்குச் சிறகு வேண்டியதுமில்லை. இறங்கிக் காலூன்றும் மயிலைப் பாட்டில் கண்டவர்களுக்கு, அந்தக் கால்களைக் கண்டதும் தேவரின் நினைவு வந்தே தீரும்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் மற்றொரு சோதனை நடந்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு முன்னேற்பாடு அது. ஏவூர்தி பழுதானால் உள்ளிருப்பவரின் கதி என்ன என்பதே அன்று ஆராயப்பட்டது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் ஆட்கூடு ஏவூர்தியினின்று பிரிக்கப்பட்டு, குடைகள் விரிந்து வங்கக் கடலில் இறங்க, கடற்படையினர் அதை மீட்டனர். ஆளில்லாக் கூடுதான், ஆயினும் ஆளைக் காக்கும் ஏற்பாடு ஆளை ஏற்றும் முன்பே சோதிக்கப்பட்டது. சச்சந்தன் விசயைக்குச் செய்ததும் இதுவேயன்றோ?

கரை சேர்தல்

வானத்தை விட்டுக் கடலுக்கு வருவோம். நம் ஊரார்க்கு இரண்டும் ஒன்றே. நம் ஊரை அடுத்த துறையில் வள்ளம் தள்ளுவோரின் வீட்டார், எவ்வளவு மீன் என்று கேட்பதற்கு முன், கரை சேர்ந்தார்களா என்றே கேட்பர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது இம்மாவட்டத்துக் கரையெங்கும் எழுந்த ஓலத்தை நாம் மறப்பதற்கில்லை. ஆழ்கடலுக்குச் சென்றவர்க்குப் புயற்செய்தி போய்ச் சேரவில்லை. கரையிலுள்ளோர் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தனர். கைபேசியின் அலை கரையை விட்டுச் சில கல் தொலைவுக்கு மேல் செல்லாது. சந்திரனுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் மீனவனுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்ப வழியில்லாமற் போனது.

அதன்பின் வழி காணப்பட்டது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. ககன் என்னும் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை, கைபேசிக் கோபுரம் இல்லாத நடுக்கடலிலும் வாங்கி மீனவரின் கைபேசிக்குத் தரும் பெட்டி அது. நல்ல பொறி, ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. செய்தி வாங்கும், செய்தி அனுப்பாது. புயல் வருகிறது என்று கரை சொல்லலாம். நான் தத்தளிக்கிறேன் என்று கடலிலிருப்பவன் சொல்ல முடியாது. கருங்காலிக் குதிரையில் ஏறிய இளவரசனின் நிலையே இது. ஒரு முளை தெரியும், மறுமுளை தெரியாது. இக்குறையைத் தீர்க்க, இருவழியாகவும் செய்தி செல்லும் கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மறுமுளையைப் பொருத்தும் பணி அது.

ஆகவே பெரியவர்களின் கேள்விக்கு நம் விடை இது. இல்லாத கலத்தின் நீள அகலத்தை மனப்பாடம் செய்வது மட்டும் வீண்தான், நாம் மறுக்கவில்லை. பீரங்கி எத்தனை, வேகம் எவ்வளவு என்னும் கணக்கோடு பிள்ளையின் மனம் நின்றுவிட்டால், அப்படம் எலிப்பொறிபோல் அவனைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகப் படத்தைக் கிழித்தெறிவதோ தீப்பொறியை மிதித்து அணைப்பதற்கு ஒப்பாகும். மயிலை நெஞ்சில் கட்டிய புலவரும், இறகு போர்த்துக் குதித்த இப்னு ஃபிர்னாஸும், மகேந்திரகிரியில் இயந்திரத்தை எரித்துப் பார்க்கும் பொறியாளரும் ஒரே குலத்தார். முதலாமவர் நினைத்தார், இரண்டாமவர் விழுந்தார், மூன்றாமவர் விழுந்ததற்குக் காரணம் கண்டார். நினைப்பவர் இல்லையேல் மற்ற இருவருக்கும் வேலை இல்லை.

பெற்றோர்க்கும் உடன் பணிபுரியும் ஆசிரியர்க்கும் நாம் சொல்வது ஒன்றே. பிள்ளை பறக்கும் கலம் வரைந்து கொண்டுவந்தால், அது எவ்வளவு உயரம் போகும் என்று கேளாதீர்கள். அதை அவனே சொல்வான். அது எப்படி இறங்கும், அதில் ஏறியவர் எப்படி வீடு திரும்புவார் என்று கேளுங்கள். விடை தேடத் தொடங்கிய கணமே அவன் கையிலுள்ள எழுதுகோல் தச்சனின் உளியாகிவிடும்.